சிகரெட், பீடி: என் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். பக்கத்தில் டீக்கடை, அதற்கடுத்துப் பெட்டிக்கடை. பெட்டிக்கடைத் தூணில் கட்டிய நெருப்புக் கயிறு விடியற்காலையிலிருந்து புகைந்துகொண்டே இருக்கும். குனிந்து அதில் பீடியைப் பற்றவைக்கிற அதே ஆட்கள்தான் கொஞ்ச நேரம் கழித்து இருமல் மருந்து கேட்டு என் கவுன்டரில் நிற்பார்கள். நிற்கும்போது ஏதாவது சந்தேகமும் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. என் அப்பாவும் பீடி குடித்தவர்தான்.

1. "புகையிலை ஒரு செடிதானே? அதுல அப்படி என்ன விஷம் இருக்கு?"

செடிதான். ஆனால் அதை எரித்து, அந்தப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கிறோம். எரியும்போது 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் 70 வரை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்சனிக் எல்லாம் அதில் உண்டு.

மூன்று பெயரை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வரும். நிக்கோட்டின்: ஒரு இழுப்பு இழுத்தால் 10 முதல் 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்விடும், மறுபடி மறுபடி கேட்க வைப்பது இதுதான். தார்: நுரையீரலில் படிகிற பிசின், புற்றுநோய்ப் பொருள்கள் நிறைய இருப்பது இதில். கார்பன் மோனாக்சைடு: ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும்.

2. "பில்டர் சிகரெட்தான் குடிக்கேன். அது வடிகட்டிராதா?"

வடிகட்டாது. பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். பரிசோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றும் கலந்து வருவதால் தார் குறைவாகக் காட்டும். மனிதன் பிடிக்கும்போது விரலோ உதடோ அந்த ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. அதோடு, நிக்கோட்டின் குறைந்தால் உடம்பு விடாது. ஆழமாக இழுக்க வைக்கும், இல்லை என்றால் இன்னொன்றைப் பற்றவைக்கும். தார் குறைவு என்று சொல்லி "லைட்ஸ்" என்ற பெயரில் சிகரெட் விற்றதும் இதே கதைதான். அதனால் ஆபத்து குறையாது என்று தெரிந்தே, குறையும் என்று கம்பெனிகள் மக்களை நம்பவைத்தன என்று அமெரிக்காவில் 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பே எழுதினார்.

3. "பீடி இலையில சுத்துறது, பேப்பர் கிடையாது. இயற்கைதானே அண்ணாச்சி?"

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பீடியில் புகையிலைத் தூள் சிகரெட்டைவிடக் குறைவு, உண்மை. ஆனால் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. பீடி அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், பலமாகவும் இழுக்க வேண்டும். அதனால் குறைந்த தூளிலிருந்தே தாரும் கார்பன் மோனாக்சைடும் நிறைய உள்ளே போகிறது.

இந்தியா முழுவதும் இறப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பீடி குடிக்கும் ஆண்களுக்கு ஆயுளில் சுமார் 6 வருஷமும், பீடி குடிக்கும் பெண்களுக்குச் சுமார் 8 வருஷமும், சிகரெட் குடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 10 வருஷமும் குறைவதாகக் கணக்கிட்டார்கள். ஆறு வருஷம் என்பதைச் சின்னதாக நினைக்காதீர்கள். பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்கிற வயசு அது.

4. "நாளைக்கு ஒண்ணுதான். டீயோட மட்டும். அதுகூடவா?"

அதுவும்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு, பிடிக்கவே பிடிக்காதவர்களைவிட இதய நோய் வரும் வாய்ப்பு 48 சதவீதம் அதிகம் என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இருபது பிடிக்கிறவருக்குக் கூடுகிற ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, ஒன்றிலேயே வந்துவிடுகிறது.

நுரையீரல் புற்றுநோய்க்கு எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் ஓரளவு குறையும். ரத்தக்குழாய் அப்படி இல்லை. கொஞ்சம் புகை பட்டாலே அது சுருங்கும், ரத்தமும் சீக்கிரம் உறையத் தொடங்கும். இருபதிலிருந்து ஐந்துக்குக் குறைத்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்களிடம் நான் சொல்வது: நல்லது, அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

5. "எங்க தாத்தா சாகுற வரைக்கும் சுருட்டு குடிச்சாரு. தொண்ணூறு வயசு."

இருப்பார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் டாக்டர்களையே எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு தொடங்கினார்கள். அது ஐம்பது வருஷம் நடந்தது. தொடர்ந்து புகைத்தவர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ அந்தப் பழக்கத்தாலேயே செத்தார்கள். சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாகப் போனார்கள். பாதி என்றால், மீதிப் பாதி தப்பியது என்றும் அர்த்தம். உங்கள் தாத்தா அந்தப் பாதியில் இருந்தார். அவருடன் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுக் குடித்தவர்கள் எத்தனை வயதில் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என் அப்பா அறுபத்தொன்றில் போனார்.

6. "கேன்சர் எல்லாருக்கும் வரதில்லையே?"

புகையால் சாகிறவர்களில் பலரைக் கொண்டுபோவது புற்றுநோய் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், இளைப்பு (நுரையீரல் கெட்டு வரும் மூச்சுத்திணறல்), காசநோய் இவைதான்.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊரிலேயே கண்டுபிடித்த விஷயம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வீட்டில் இருந்தவர்களிடம் விசாரித்தார்கள். 2003-இல் முடிவு வெளிவந்தது. காசநோயால் சாகும் வாய்ப்பு, புகைக்காதவரைவிடப் புகைக்கிறவருக்குச் சுமார் நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். நாம் கிருமியை மட்டும்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கிருமியை அடக்கி வைக்கிற சக்தியை நுரையீரலிலிருந்து எடுத்துவிடுவது புகை.

அப்புறம் கால். பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. கை கால்களில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு விரல் கறுத்துப்போகும். புகையிலை பழக்கம் இல்லாதவர்களுக்கு அது வருவதே அபூர்வம். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு லோடுமேன் என் கடைக்குப் பஞ்சும் துணிக்கட்டும் வாங்க வருவார். முதலில் சுண்டுவிரல் போனது, அடுத்த வருஷம் பக்கத்து விரல். நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் குறையும். பீடியை நிறுத்தாமல் எந்த மருந்தும் இந்த நோயைக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது விரல் போன பிறகுதான் அவர் நிறுத்தினார். அதற்குப் பிறகு விரல் போகவில்லை. ஆனால் மூட்டை தூக்கும் வேலை போய்விட்டது.

7. "சுகர் இருக்கு. ஸ்வீட்டை விட்டுட்டேன், சிகரெட்டுமா?"

சிகரெட்டை முதலில் விட்டிருக்க வேண்டும். புகைக்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பே 30 முதல் 40 சதவீதம் கூடுதல். வந்த பிறகும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கால் விஷயத்தில் சர்க்கரையும் புகையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே ஆறாவது பதிலைப் பார்த்தால் ஊகித்துக்கொள்ளலாம்.

8. "காலைல ஒண்ணு இழுத்தாத்தான் வயிறு இளகுது. விட்டா என்ன செய்ய?"

வெட்கப்படாமல் கேட்டதற்கு நன்றி; நிறையப் பேர் விடாமலிருக்க இதுவே காரணம். நிக்கோட்டின் குடலைத் தூண்டும், உண்மைதான். விட்டதும் சில வாரம் மலச்சிக்கல் வரலாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழமோ கொய்யாவோ, சாப்பாட்டில் கீரை, கொஞ்சம் நடை. தேவைப்பட்டால் சில நாளைக்கு இசப்கோல் உமி. பழையபடி குடல் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

9. "டென்ஷன் அண்ணாச்சி. ஒரு தம் போட்டாத்தான் மனசு அடங்குது."

அடங்குவது பொய்யில்லை. எதை அடக்குகிறது என்று பாருங்கள். கடைசியாகப் பிடித்து ஒரு மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் நிக்கோட்டின் இறங்கும். எரிச்சல், பரபரப்பு வரும். அடுத்ததைப் பற்றவைத்ததும் அது தணியும். வட்டிக்காரன் வாங்கிய வட்டியில் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் உதவி செய்தான் என்று சொல்வோமா?

விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தே இருந்தன. முதல் சில வாரம் மட்டும் கஷ்டம். அது 16-ஆம் கேள்வியில்.

10. "வீட்டுக்குள்ள குடிக்கதே இல்ல. வாசல்லதான்."

நல்லது, உள்ளே குடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் கதவு திறந்திருந்தால் புகை உள்ளே வரும். சட்டையிலும் கையிலும் ஒட்டியிருப்பதும் வரும். வந்த கையோடு குழந்தையைத் தூக்குவோம். அடுத்தவர் விடும் புகையால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். குழந்தைகளுக்கு ஆஸ்துமா, நிமோனியா, காதில் சீழ் வருவது எல்லாம் கூடும். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முன்னால் பிடித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. ஃபேன் போட்டாலோ ஜன்னலைத் திறந்தாலோ சரியாகிவிடாது.

பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை, அபராதம் 200 ரூபாய் வரை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் தள்ளிப்போகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

11. "பதினஞ்சு, இருபது ரூபாய்ல என்ன குடி முழுகிரும்?"

கணக்குக்கு ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைப்போம், நாளைக்கு எட்டு. ஒரு நாள் 120. ஒரு மாதம் 3,600. ஒரு வருஷம் 43,800. மாதா மாதம் அந்த 3,600-ஐ ஆறரை சதவீத வட்டிக்கு ஆர்.டி. போட்டால் பத்து வருஷத்தில் சுமார் 6 லட்சம். சில்லறையில் ஒன்று, இரண்டாக வாங்குவதால் இந்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை. பெட்டிக்கடையில் நோட்டில் எழுதி மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கிறவருக்குத்தான் சுருக்கென்று இருக்கும். ஒரு மாதம் நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள்.

ஆனால் சிகரெட் விலை சின்னச் செலவுதான். பெரிய செலவு நோய். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது, பெரிய உதவி. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற நாளைக்கு யார் கூலி கொடுப்பது? துணைக்குப் போகும் மனைவியின் வேலையும் அன்று போகும். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமான கடைசி நாலு வருஷம் அம்மா எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. எந்தப் பில்லிலும் அது வராது. நான் பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு வருஷம் நின்று, பிறகுதான் பார்மஸி சேர்ந்தேன்.

12. "சிகரெட்டால அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி வருது. நிறுத்தினா நாடு நஷ்டப்படாதா?"

வருவதைவிடப் போவது மிக அதிகம். 2017-18-இல் புகையிலையால் வந்த நோயும் அகால மரணமும் இந்தியாவுக்கு வைத்த செலவு 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதுவும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல். கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், சமூகத்துக்கு 816 ரூபாய் செலவு. அதில் மருத்துவச் செலவு கால் பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் வேலை செய்ய முடியாமல் போனதாலும் சீக்கிரம் செத்துப்போனதாலும் வந்த இழப்பு. 11-இல் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேனே, அதையே நாடு முழுக்கக் கூட்டினால் வருகிற தொகை இது.

வரியைக் கூட்டினால் குடிப்பவர்கள் குறைவார்கள், குறிப்பாக இளவட்டங்கள். பீடிக்குத்தான் வரி எப்போதும் லேசாகவே இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு வரிக்கு மேல் செஸ் போட்டார்கள், பீடிக்குப் போடவில்லை. ஏழை குடிப்பது என்பதால் விட்டுவிடுவது ஏழைக்குச் செய்கிற நன்மை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

13. "அப்ப பீடி சுத்துற பொம்பளைங்க பிழைப்பு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களே அவர்கள்தான். எங்கள் மாவட்டத்திலும் திருநெல்வேலியிலும் எத்தனையோ பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அவர்கள் உடம்பையும் பாருங்கள். புகையிலைத் தூள் மூச்சில் போகிறது, நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவே ஏறுகிறது. ஒரு பீடிகூடக் குடிக்காத அக்காமார் இருமலுக்கும் கழுத்து, முதுகு வலிக்கும் மருந்து வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு வேலையும் பயிற்சியும். அதைக் கொடுக்க வேண்டியது அரசும் இத்தனை வருஷம் அவர்கள் உழைப்பில் சம்பாதித்தவர்களும். அவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக உங்கள் நுரையீரலை எரிக்க வேண்டியதில்லை. சுற்றுகிற வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் தூளைத் தனியறையில் வைத்து, கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

14. "வேப் வாங்கலாமா? இல்ல வாயில அடக்குறது?"

வேப் என்கிற இ-சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் இந்தியாவில் சட்ட விரோதம். வாயில் அடக்கும் புகையிலை வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி. குட்கா, பான்மசாலா தமிழ்நாட்டில் 2013 முதலே தடை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது வேண்டாம்.

15. "முப்பது வருஷமா குடிக்கேன். இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?"

ஐந்தாவது பதிலில் சொன்ன அதே ஐம்பது வருஷ ஆய்வு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. அறுபது வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 வருஷம் திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டால் 6, நாற்பதில் விட்டால் 9. முப்பதில் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுப் பத்தும்.

ஒரு நாளிலேயே ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு போய்விடும். ஒரு வருஷத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து, விடாமல் குடிப்பவரோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறையும். இளைப்பு மட்டும் முழுசாகக் குணமாகாது. கெட்ட நுரையீரல் கெட்டதுதான். ஆனால் மேலும் கெடும் வேகம் குறையும். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தைந்தில் சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

16. "பழகுன உடம்பு. திடீர்னு விட்டா ஆபத்தாமே?"

ஆபத்து இல்லை, அவஸ்தை உண்டு. எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனம் சிதறுவது. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை எழும்போது ஐந்து நிமிஷம் தள்ளிப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏலக்காயோ கிராம்போ வாயில் போடுங்கள். எடை நாலைந்து கிலோ கூடலாம். புகையோடு ஒப்பிட்டால் அது பெரிய கெடுதல் இல்லை.

இரண்டு விஷயம் பெரும்பாலோருக்குத் தெரியாது. புகை, டீ காபியில் இருக்கும் காஃபினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். விட்டபின் அதே ஆறு டீ குடித்தால் படபடப்பு வரும். நிக்கோட்டின் இல்லாததால் என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைத்துவிடுவார்கள். டீயைப் பாதியாக்குங்கள். அதேபோல இளைப்புக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். விட்டதும் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும்.

17. "நிக்கோட்டின் சூயிங்கம் குடுக்கீங்க. அதுவும் நிக்கோட்டின்தானே?"

அதேதான், ஆனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல். முதல் பதிலில் பிரித்துச் சொன்னதே இதற்காகத்தான்: இழுக்க வைப்பது நிக்கோட்டின், கொல்வது பெரும்பாலும் புகை.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, வயிறு எரிந்து, மறுநாளே தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். காரம் மாதிரி சுள்ளென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுள் குறைந்ததும் மறுபடி இரண்டு மெல்லு, மறுபக்கம் ஒதுக்கு. அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வேறு மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றை டாக்டர்தான் எழுத வேண்டும்.

18. "டெர்ம் இன்சூரன்ஸ் பாரத்துல சிகரெட் இல்லைனு போட்டுரலாமா?"

போடாதீர்கள். புகைப்பவருக்கு பிரீமியம் கூடுதல் என்பதால் மறைக்கத் தோன்றும். நிக்கோட்டின் உடம்பில் கோட்டினின் என்று மாறும், சிறுநீரில் அது தெரியும். சூயிங்கம் மென்றாலும் தெரியும் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள். பரிசோதனையில் தப்பினாலும், முதல் மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஆனால் உண்மையை மறைத்ததாகச் சொல்லிப் பணத்தை மறுக்கலாம். அப்போது அலையப்போவது உங்கள் மனைவி.

19. "அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஏதாவது பொடி இருக்கா?"

அக்கா, அப்படி ஒரு மருந்து இல்லை. அப்படிச் சொல்லி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் சாப்பிடும் பிரஷர், இதய மாத்திரையோடு சேர்ந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? திட்டுவதும் பெட்டியை ஒளித்து வைப்பதும்கூடப் பலன் தராது.

விடலாமா என்று அவரே வாய் திறக்கும் நேரம் ஒன்று வரும், காய்ச்சலில் படுத்து எழுந்தபோதோ பேரன் மூக்கைப் பொத்தியபோதோ. அப்போது தேதி ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356, பழக்கத்தை விட உதவும் இலவச எண். தமிழிலும் பேசலாம். முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். அது நிக்கோட்டின் பேசுவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

20. "மூணு தடவை விட்டுட்டேன். மறுபடி ஆரம்பிச்சிருதேன். எனக்கு மன உறுதி இல்ல."

விட்டவர்களில் பெரும்பாலோர் பலமுறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எங்கே திரும்ப ஆரம்பித்தது என்று எழுதுங்கள். கல்யாண வீட்டுப் பந்திக்குப் பிறகா, நைட் ஷிப்டிலா, குடித்தபோதா? அந்த இடத்துக்குத்தான் இந்த முறை தயாராக வேண்டும். ஒன்று பிடித்துவிட்டால் பெட்டி வாங்காதீர்கள். அந்த ஒன்றோடு நிறுத்திவிட்டு விட்ட நாள் கணக்கைத் தொடருங்கள். இதுவரை சூயிங்கம் இல்லாமல் தனியாக முயன்றிருந்தால் இந்த முறை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. எப்படி மெல்வது என்று உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன்.